பல் பட்ட விதைகள்

விதை என்றால் மண்ணில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முளைத்துவிடும் என்று நினைக்கிறவர்களோடு பேச எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் நாற்றுப்பண்ணைக்கு மரக்கன்று வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த ரகம்தான். சில மரங்களின் விதைக்கு ஓடு கல் மாதிரி. தண்ணீரை உள்ளே விடாது. மண்ணில் போட்டால் பத்து வருஷம் ஆனாலும் போட்டது போட்டபடி கிடக்கும். அதன் வீம்பை உடைக்கிறதுதான் என் வேலை. பண்ணையின் கடைக்கோடியில் தகரக் கூரை போட்ட விதை அறை. அங்கே பதினாறு வருஷமாக நான் வைத்ததுதான் சட்டம். மற்றவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஆசிட் அக்கா. விதையை ஆசிட்டில் ஊறவைப்பதால் வந்த பெயர் என்று என்னிடம் சொல்வார்கள். என் வாய்க்காக வைத்தது என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஒவ்வொரு விதைக்கும் ஒரு வைத்தியம். சிலதுக்கு வெந்நீர் போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, விதையைக் கொட்டி, மறுநாள் வரை அப்படியே ஆறவிட வேண்டும். சிலது அதற்கு மசியாது. ஆசிட்டில் இருபது நிமிஷம், பிறகு ஓடுகிற தண்ணீரில் பத்துத் தடவை அலசல். இரும்புக்கொட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற விதை இரண்டுக்கும் மசியாது. கட்டைவிரல் நகம் அளவு, தட்டையாக, கன்னங்கரேலென்று இருக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, சின்ன முக்கோண அரத்தால் ஓட்டில் ஒரு கீறல் போட வேண்டும். அதையும் கண்ட இடத்தில் போட முடியாது. விதையின் ஒரு முனையில் கண் இருக்கும். வேர் அந்த வழியாகத்தான் வெளியே வரும். அரம் பட வேண்டியது அதற்கு எதிர் முனையில். கண்ணில் பட்டால் விதை செத்தது. சரியாகக் கீறி ஒரு ராத்திரி ஊறவைத்தால் காலையில் இரண்டு மடங்கு பருத்திருக்கும். கீறியதை மூட்டை கட்டி வைக்கவும் முடியாது. ஒரு வாரத்துக்குள் மண்ணுக்குப் போகாவிட்டால் பூசணம் பிடித்துவிடும்.

இந்த வேலையில் எனக்கு எதிரே உட்கார்கிறவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. முப்பத்தெட்டு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. பண்ணையில் ஒரே மேஜை, வீட்டில் ஒரே அடுப்பு. பதினாலு வருஷத்தில் நாங்கள் சண்டை போடாத நாளும் கிடையாது, பேசாமல் தூங்கிய நாளும் கிடையாது. நான் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்கவைப்பேன். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் அண்ணி, அரம் கையில பட்டுடும்" என்பாள். வேலையில் அவள் சுத்தம். கீறுவதற்கு முன்பே விதையைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பொக்கு விதைகளை அரித்தெடுத்து ஒரு கிண்ணத்தில் தனியே வைத்துவிடுவாள். உள்ளே ஒன்றும் இல்லாத பொக்கைக் கீறி யாருக்கு என்ன லாபம் என்பாள். நான்கூடச் சில நாள் சோம்பலில் அதை விட்டுவிடுவேன். அவள் விட்டதே கிடையாது.

என் வீட்டுக்காரர் விதை சேகரிக்கிறவர். காட்டுக்குள் போய், கயிறு போட்டு மரமேறி, காய்களை உலுக்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவார். ஏழரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்படிப் போனவர் திரும்பவில்லை. ஒரு பெரிய மரத்தில் அவருடைய கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை. ரத்தம் இல்லை, செருப்பு இல்லை, ஒடிந்த கிளைகூட இல்லை. இருபது நாள் தேடினார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடித்ததில்லை, திட்டியதில்லை. எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. காய்ச்சலில் நான் கிடந்தபோதும் அதே சிரிப்பு, பிறந்த குழந்தை தங்காமல் போனபோதும் அதே சிரிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இதுக்கு எதுக்கு அரம், என் பல்லு போதாதா" என்று ஒரு இரும்புக்கொட்டையைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். உடைந்த விளிம்பின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பல் அரத்தைவிடக் கூர்மையாகிவிட்டது. அதன் பிறகு உதவி செய்கிறேன் என்று எங்களோடு உட்கார்ந்தால் பல்லாலேயே கடித்துக் கடித்துப் போடுவார். ஓட்டில் இரண்டு குட்டிக் கோடு விழும், நடுவில் ஒரு மெல்லிய மேடு. வேறு எந்தக் கருவியும் அப்படித் தடம் போடாது. எச்சில் பண்ணாதீங்க என்று கத்துவேன். பொக்கா, நல்லதா என்றுகூடப் பார்க்காமல் கையில் வந்ததையெல்லாம் கடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அதன் பிறகு தனியாகவே இருந்த என்னிடம் போன வருஷம் எங்கள் பண்ணை வண்டிக்காரர் வந்து, "எனக்கும் யாருமில்ல, உங்களுக்கும் யாருமில்ல. சேர்ந்து இருந்தா என்னங்க?" என்று கேட்டார். மனைவியை இழந்தவர். அதிர்ந்து பேசத் தெரியாது. நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிக்க மாட்டார், பதில் சொல்வார். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சரி என்றேன். ஆனால் காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி எழுதினால்தான் எனக்கு மறுகல்யாணம். ஏழு வருஷமாக அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று நான் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அவர் ரத்த உறவில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி இருப்பது என் நாத்தனார் ஒருத்திதான். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"கையெழுத்துதானே அண்ணி, போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்து விதையைக் கீறிக்கொண்டிருந்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை. அண்ணனை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் திங்கள்கிழமை சாயங்காலம் வண்டிக்காரர் காட்டோரத்து மேடையிலிருந்து ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். விதை சேகரிக்கிறவர்கள் மூட்டையை அந்த மேடையில் வைத்துவிட்டு, ஒரு சீட்டில் தங்கள் பெயரை எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். ஐந்து மூட்டையில் பெயர் இருந்தது. ஆறாவதில் சீட்டு இருந்தது, பெயர் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஆறாவது மூட்டையைப் பிரித்தேன். இரும்புக்கொட்டை. ஒரு பிடி அள்ளினேன். அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு விதையிலும், கண்ணுக்கு எதிர் முனையில், இரண்டு குட்டிக் கோடு. நடுவில் மெல்லிய மேடு.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோட்டுக்குள் வெள்ளையாக இருந்தது. கீறி நாலு நாள் ஆகிவிட்டால் அது பழுப்பாகிவிடும். அப்படியானால் இதைக் கடித்து நாலு நாள்கூட ஆகவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று ஒரு கூடை விதையைத் தண்ணீரில் கொட்டினேன். நல்லது முங்கியது, பொக்கு மிதந்தது. மிதந்த பொக்கிலும் கடித்த தடம்.

"இங்க வந்து பாருடி" என்று நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். நகத்தால் கோட்டைத் தடவினாள்.

"அண்ணன்" என்றாள்.

"வேற யாருக்காவது பல்லு இப்படி உடைஞ்சிருக்கக் கூடாதா? உலகத்துல உங்க அண்ணன் ஒருத்தருக்குத்தான் பல்லு உடையுமா?"

"இருக்கலாம் அண்ணி. அவங்களும் விதையக் கடிப்பாங்களா?"

வண்டிக்காரரைப் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "மேடையில யாரும் இல்லீங்க. மூட்டை மட்டும் ஓரமா தனியா இருந்துச்சு. கட்டுன கயிறு ஈரமா இருந்துச்சு, அதான் ஞாபகம் இருக்கு. ஏன், விதை கெட்டுப்போச்சா?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

அந்த விதையை என்ன செய்வது? கீறிய விதை காத்திருக்காது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி எல்லாவற்றையும் ஊறப்போட்டேன். ஓடு இளகி விதை பருக்கும்போது ஒன்றோடு ஒன்று உரசி லேசாக ஒரு சத்தம் வரும். நூறு தடவை கேட்ட சத்தம்தான். அன்று மட்டும் அது யாரோ வாய்க்குள் எதையோ மென்றுகொண்டிருக்கிற மாதிரி கேட்டது. நான் அறையைப் பூட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

வீட்டில் நாத்தனார் பல்வலி என்று சாப்பிடாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கிர்ர், கிர்ர் என்று ஒரு ஓசை. விட்டு விட்டு வந்தது.

"என்னடி பண்றே?"

"நகம் ராவறேன் அண்ணி." குரல் குழறியது.

"பல்வலியோட நகத்துக்கு என்ன அலங்காரம்" என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போனேன்.

புதன்கிழமை காலையில் விதை அறையைத் திறந்தேன். முந்தின நாள் வேறொரு மூட்டையிலிருந்து நூறு இரும்புக்கொட்டை எடுத்து, கீறுவதற்காகத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கை படாத விதை. தட்டு வைத்த இடத்தில்தான் இருந்தது. விதைகளில் எல்லாம் இரண்டு குட்டிக் கோடு. தொட்டேன், ஈரம். எச்சில் ஈரம். பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. சாவி இரண்டுதான். ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று என் வீட்டு ஆணியில். ஆசிட் ஜாடிக்குப் பக்கத்தில் போகிற போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அலமாரி.

நாத்தனார் அன்று முழுவதும் முகத்தில் மாஸ்க்கைக் கழற்றவில்லை. ஆசிட் வேலைக்கு எல்லோரும் மாஸ்க் போடுவோம்தான். இவள் டீ குடிக்கக்கூடக் கழற்றவில்லை. "பல்லு வலி இன்னும் போகலையா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள்.

மத்தியானம் வண்டிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைக் காட்டினேன். அவர் ஒரு விதையை எடுத்துப் பார்த்து, ஏதோ சூடு பட்ட மாதிரி சட்டென்று கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாங்க" என்றார்.

"பயமா?"

"பயம்தான். இல்லேன்னு சொன்னா பொய். ஆனா அது மட்டும் இல்லீங்க. அவர் உயிரோட இருக்கார்னா, இல்லேன்னு நீங்க எப்படி எழுதிக் குடுப்பீங்க? அப்படி எழுதிக் குடுத்து வர்ற வாழ்க்கைல நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?"

நல்ல மனுஷரைத் தேடிப் பிடித்தால் இதுதான் தொல்லை. நியாயம் பேசுவார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏழு வருஷம் ஒருவர் வராமலிருந்து என்னைக் கட்டி வைத்திருந்தார். இப்போது வந்தும் வராமலும் கட்டி வைக்கப் பார்க்கிறார். அன்று சாயங்காலம் வெள்ளிக்கிழமையை நான் மனதுக்குள் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டேன்.

வியாழக்கிழமையும் அதே கதை. பூட்டிய அறை, கடித்த விதை. ஆனால் பயத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. இரண்டாவது நாள் கொஞ்சம் கண் தெரிகிறது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருப்பதைப் பார்த்தேன். அதில் ஏழெட்டு விதை. எடுத்துப் பார்த்தேன், கடித்த தடம் இல்லை. தண்ணீரில் போட்டேன், மிதந்தது. எல்லாம் பொக்கு. தட்டில் இருந்ததைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் முங்கியது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருந்தாலும் சரி, பேயாக வந்தாலும் சரி, என் வீட்டுக்காரர் பொக்கு அரிக்கிற ஆள் இல்லை. இந்தப் பண்ணையில் அதை ஒருநாளும் தவறாமல் செய்கிறவள் ஒருத்திதான். அவள் எதிரே மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் விழித்தேன். அவள் படுக்கை காலி. ஆணியில் சாவி இல்லை. பண்ணைக்கு நடந்தேன். பத்து நிமிஷ நடை. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. விதை அறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவள் இடத்தில் அவள் உட்காரவில்லை. எங்களுக்கு உதவி செய்கிறேன் என்று அவர் உட்காருவாரே, மேஜையின் குறுக்குப் பக்கம், அங்கே உட்கார்ந்திருந்தாள். பொக்கு அரித்த கிண்ணம் ஒரு பக்கம். தட்டிலிருந்து ஒரு விதையை எடுப்பாள், கண் எந்தப் பக்கம் என்று பார்ப்பாள், திருப்புவாள், வாயில் வைத்து முன்பல்லால் கடிப்பாள். கடிக்கும்போது அவள் தோள் இரண்டும் தூக்கிப் போடும். வலி. பிறகு அந்த விதையைத் துணியில் துடைத்து வைப்பாள். துணியில் சிவப்பாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் கை வாயை மூடியது.

"கைய எடு."

எடுக்கவில்லை. நானே பிடித்து இழுத்தேன். "பல்லைக் காட்டுடி."

காட்டினாள். மேல் முன்பல் பாதிக்குக் குறைந்திருந்தது. விளிம்பின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். உதடு கிழிந்து, ஈறு வீங்கி, பார்க்கவே கண் கூசியது. மேஜைமேல் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியும் முக்கோண அரமும் இருந்தன. அன்றைக்கு நகம் ராவுகிறேன் என்று சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. விதையின் ஓட்டை உடைக்கிற அரத்தால் தன் பல்லை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் நாத்தனார்.

அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டது. "பைத்தியமாடி நீ? உங்க அண்ணனுக்காக இப்படியா பண்ணிக்குவே?"

"அண்ணனுக்காக யாரு பண்ணா?" என்றாள். காற்றுப் புகுந்த வார்த்தைகள். "அண்ணன் வந்தா என்ன, வராட்டி என்ன. நீ போயிடுவே."

பதினாலு வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்கடி போயிடுவேன்? நாலு தெரு தள்ளி."

"அண்ணன் செத்துட்டாருன்னு எழுதினா, அதுக்கப்புறம் நீ எனக்கு யாரு? அண்ணன் பொண்டாட்டிதானே அண்ணி? அவரே இல்லேன்னு நானே கையெழுத்துப் போட்டா, நான் உனக்கு யாரு? யாரோ. எதிர்ல உக்காந்து விதை கீறுற யாரோ ஒரு பொம்பள. வீட்டுக்குப் போனா எனக்கு அடுப்பு மட்டும்தான் இருக்கும்."

அவள் என்னிடம் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. நானும் ஒரு தடவைகூட, நான் போன பிறகு நீ என்னடி செய்வாய் என்று கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் வாய் நீளும் எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் கேட்க அது வரவில்லை. குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வாயைக் கழுவிவிட்டேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். நானும்தான்.

கழுவி முடித்த பிறகு சொன்னேன். "இதோட விட்டது. ஆனா மூட்டை முழுக்கக் கடிச்சியேடி, அவ்வளவையும் எப்ப கடிச்சே?"

"எந்த மூட்டை?"

"மொத மூட்டை. பேர் இல்லாதது."

அவள் ஈர முகத்தோடு என்னைப் பார்த்தாள். "அது நான் இல்ல அண்ணி. நீங்க கூப்பிட்டுக் காட்டினப்பதான் நான் அதப் பார்த்தேன். அப்ப என் பல்லு நல்லாத்தானே இருந்துச்சு. அதப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு."

பொய் இல்லை. அந்த மூட்டையில் பொக்கும் கடிபட்டிருந்தது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் நெருங்கி நின்றோம்.

"அப்ப அண்ணன் இருக்காரு, அண்ணி" என்றாள் மெதுவாக.

இருக்கலாம். அந்தக் காலை நேரத்தில் அதை நான் முழுதாக நம்பினேன். நம்பியபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, அழுகையும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது.

"ஏழு வருஷம் கழிச்சு ஒரு மூட்டை விதையக் கடிச்சு அனுப்பத் தெரியுது. வீட்டுக்கு ஒரு நடை வரத் தெரியலையா அவருக்கு? உயிரோட இருந்துக்கிட்டு வராதவரு எனக்குச் செத்தவருதான். செத்துட்டுக் கடிக்கிறாருன்னா, அப்பவும் செத்தவருதான். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் எழுதறது சரிதான். நீ கையெழுத்துப் போடு. போட்டுட்டு மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு என்கூட வா. வண்டிக்காரர் வீட்ல மூணு ரூம் இருக்கு."

"அவரு ஒத்துக்குவாரா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்குப் பயம் இருக்குமே அண்ணி. மொத மூட்டையும் நான்தான்னு சொல்லிடுங்க. என்மேலயே போகட்டும்."

அப்படியே சொன்னேன். பத்து மணிக்குப் பண்ணைக்கு வண்டியோடு வந்த மனுஷர், அவள் பல்லைப் பார்த்துக் கண் கலங்கி, "இவ்வளவு தனியாவா இருந்தாங்க" என்றார். அவளும் நம்மோடவே வந்து இருக்கட்டும் என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். முதல் மூட்டையைப் பற்றி நான் சொன்ன பொய்யை இன்றுவரை நம்புகிறார்.

அலுவலகத்தில் எங்களை ஒரு நீள மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "கடைசியா அவரைப் பத்தித் தகவல் வந்தது எப்ப?"

"ஏழு வருஷத்துக்கு முன்னால, சார். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல." குரல் நடுங்காமல் சொன்னேன். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் கோப்பைத் திருப்பி நாத்தனார் பக்கம் தள்ளினார். கோப்பின் முதல் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் படம் குத்தியிருந்தது. சிரித்துக்கொண்டிருக்கிற படம், வேறு படம் எங்களிடம் கிடையாது. "நீங்க தங்கச்சியா? மாஸ்க்கைக் கழட்டுங்க. அடையாளத்துக்குப் போட்டோ எடுக்கணும்."

கழற்றினாள். கேமராவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இனிமேல் தனியாக இல்லை என்ற நிம்மதியில், மூன்று நாளில் முதல் தடவையாக, முழுசாகச் சிரித்தாள்.

அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்படியே அச்சு அசலா உங்க அண்ணன்" என்றார்.

அண்ணன் தங்கைக்கு ஒரே முகவெட்டு என்று எனக்குத் தெரியாததில்லை. இத்தனை வருஷம் அவள் சிரிப்பு மட்டும் வேறாக இருந்தது. இப்போது உதட்டோரம் சற்று இறங்கி, நடுவில் அந்தப் பள்ளத்தோடு, காய்ச்சலில் கிடந்தபோது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சிரிப்பு, ஆறு அங்குலத் தூரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பேனாவை எடுத்து, அண்ணன் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. கல்யாணம் எளிமையாக நடந்தது. மூன்று ரூம் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், சண்டை இல்லை. முதல் மூட்டை விதை நன்றாக முளைத்து, கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. பெயரில்லாத மூட்டை அப்புறம் எதுவும் வரவில்லை. வண்டி வந்தால் சீட்டுகளை முதலில் நான்தான் பார்க்கிறேன்.

காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து விதை கீறுகிறாள். நான் இப்போதெல்லாம் அவளைக் கிண்டல் செய்வதில்லை. சிரித்துவிடுவாளோ என்று பயம். பண்ணையில் எல்லோரும் ஆசிட் அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் வாய் அடங்கிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "பல் டாக்டர் கிட்ட போலாம்டி. அரை மணி நேரத்துல அடைச்சு, முன்ன மாதிரி ஆக்கிடுவாங்களாம். நாளைக்கே போலாம்."

அவள் அரத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் அண்ணி" என்றாள். "இப்பத்தான் நீங்க என்னைப் பார்க்கவே பார்க்கறீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.